திரியை இறக்கு

எழுபதைத் தாண்டிய என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். மகனோ பேத்தியோ புதுச் சாமான் ஒன்றைக் கொண்டுவந்து, "பழைய மாடல் தாத்தா, உங்களுக்குப் பிடிக்கும்" என்று கையில் கொடுத்திருப்பார்கள். என் மகன் வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்குகிறது. பேட்டரியில் ஓடுவது. அதற்குக் கீழே பெண்டுலம் ஒன்று சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் அதைப் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். கடிகாரம் பாட்டுக்கு ஓடியது. மருமகளின் போனில் படம் எடுத்தால் 'கிளிக்' என்கிறது. உள்ளே மூடித் திறக்க ஒன்றும் கிடையாதாம். சத்தத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

போன தீபாவளிக்குச் சூலக்கரையில் எங்கள் தெருவில் ஒருவர் கரண்டில் வெடிக்கிற சரவெடி வாங்கி வந்தார். பிளாஸ்டிக் சரம். பொத்தானை அமுக்கினால் வெளிச்சமும் சத்தமும் வரும். மருந்து கிடையாது, புகை கிடையாது. "சிவகாசி பக்கத்துல இருந்துக்கிட்டு இதைப் போயி வாங்குனீகளேய்யா" என்று தெருவே அவரைக் கேலி செய்தது. நான் மட்டும் அதன் நுனியைப் பிடித்துப் பார்த்தேன். நுனியில் ஒரு திரி தொங்கியது. வெறும் நூல். தடவிப் பார்த்தேன், விரலில் கறுப்பு ஒட்டவில்லை.

பள்ளிக்கூடம் போகாதவன் நான். நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் இதை எழுதுகிறாள். இதற்கெல்லாம் காரணமும் அவள்தான். ஆன்லைனில் ஓர் அரிக்கேன் விளக்கை வரவழைத்தாள். கம்பிக் கைப்பிடி, கண்ணாடிக் கூண்டு, அடியில் எண்ணெய்த் தொட்டி மாதிரி ஒரு வயிறு. வயிற்றுக்குள் பேட்டரி. பக்கவாட்டில் ஒரு திருகாணி. அதைத் திருப்பினால் வெளிச்சம் கூடும், குறையும். மருமகள் விவசாயம் பார்க்கிற ஊர்க்காரி. "இதுக்குப் பேரு திரியை ஏத்துறது, இது திரியை இறக்குறது" என்று பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் கரண்டு போயிற்று. விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேத்தி படுத்துக்கொண்டே சொன்னாள்.

"தாத்தா, திரியை இறக்குங்க. கண்ணு கூசுது."

நான் எழுந்தேன். என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. அங்கே சுவரைத் தடவுகின்றன. எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"மேல என்னத்தத் தேடுறீங்க? வெளக்குத் திரி தாத்தா, இங்க இருக்கு!" என்று அவள் சிரித்தாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். உங்களில் எங்கள் பக்கத்துக்காரர்கள் இருந்தால், பேர் சொல்ல வேண்டாம், 'திரி இறக்கச் சொன்னவன்' என்றால் தெரியும். மூன்று பொம்பளைகளின் உயிரைக் குடித்தவன் என்று அறுபது வருசத்துக்கு மேலாக அவருக்குப் பேர். அந்தப் பேர் தப்பு. இதைச் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான் மிச்சம் இருக்கிறேன். அதனால்தான் பேத்தி நடுவில் நிறுத்தி, "இது வேண்டாமே தாத்தா" என்று சொல்லும்போதெல்லாம், எழுது என்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் அக்காவும் நானும் வேலைக்குப் போனோம். எனக்குத் திரி வேலை. நூலை மருந்துக் கூழில் தோய்த்து, கட்டில் சட்டம் அளவுள்ள மரச் சட்டங்களில் சுற்றி, வெயிலில் தூக்கி மாட்டிக் காயவைப்பார்கள். பொழுது சாயும்போதும் மேகம் கறுக்கும்போதும் போர்மேன் ஒரு சத்தம் கொடுப்பார்.

"ஏலே, திரியை இறக்குங்கலே!"

பையன்கள் ஓடிப்போய்ச் சட்டங்களைக் கழற்றி இறக்க வேண்டும். ஒரு சட்டம் நனைந்தாலும் முதுகில் விழும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கை தானாக மேலே போகும். தூங்கும்போதுகூட நான் கையைத் தூக்குவேன் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் அந்த வார்த்தையை எடுக்கவே மாட்டோம். தொழில் வார்த்தை வீட்டுக்குள் வந்தால் தொழிலின் ஆபத்தும் கூட வரும் என்று பயம். விளக்கைக் குறைக்கச் சொல்லும்போது, "வெளிச்சத்த அமத்து" என்றுதான் அம்மா சொல்வாள். மறந்து திரி என்று சொன்ன பெரிய மனுசர்களையும் வாயில் போட்டுக்கொள்ளச் சொல்வாள். ஆகவே திரி என்றால் எனக்கு வெடித்திரிதான். விளக்குக்குள்ளும் ஒரு திரி இருக்கிறது, அதற்கும் அதே பேர் என்பது என் புத்தியில் ஏறாமலே வளர்ந்தவன் நான்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. கரிசல் காட்டுக்காரர். அந்த வருசம் மழை இல்லை, பருத்தி காய்ந்துபோயிற்று. தை மாதம் அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அதுவரைக்கும் பெட்டி சுமக்கிற வேலைக்கு எங்களோடு கம்பெனிக்கு வந்தார். சீசன் நேரம், ஆள் பற்றாமல் இருந்தது, வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். வந்து பத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருக்கும்.

அந்தக் கடைசி நாள் காலையில் கம்பெனிக்கு நடந்து போகும்போது அக்காவின் காலில் உடைமுள் ஏறிவிட்டது. மாமா நடுப்பாதையில் குத்தவைத்து, அவள் காலைத் தன் முழங்காலில் தூக்கி வைத்து, முள்ளைப் பிடுங்கி, தன் துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். கூட வந்த பொம்பளைகள் விடுவார்களா?

"பாத்துக்கிடுங்கடி, தாலி கட்டுறதுக்கு முன்னாலயே கால்ல விளுந்துட்டாரு மாப்ள!"

"முள்ளு மட்டுந்தேன் எடுத்தீகளா, இல்ல மெட்டிக்கு அளவும் எடுத்தீகளா?"

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எளா, பேசாம நடங்க, வாசல்ல மடியச் சோதிக்க வரிசை நிக்கும்" என்றாள்.

வாசலில் சோதிப்பது போர்மேன்தான். தீப்பெட்டி, பீடி, ஆணி வைத்த செருப்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. பையன்களின் அரைஞாண் கயிறு வரைக்கும் தடவிப் பார்ப்பார்.

மத்தியானத்துக்கு மேல் வானம் இருண்டது. வெளியே காய்ந்த சட்டங்களை ஓடு வேய்ந்த செட்டுக்குள் கொண்டுபோய்ச் சுவர் முளைகளில் மாட்டச் சொன்னார்கள். அந்தச் செட்டில் அக்காவும் இன்னும் இரண்டு பொம்பளைகளும் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். இருட்டில் கை தெரியவில்லை. வழக்கமாக அப்படி இருண்டால் வேலையை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு லாரி வந்து நின்றது, ஆர்டர் முடியவில்லை. போர்மேன் தன் வீட்டுக்குப் போய் வந்தார். துண்டால் மறைத்துக் கொண்டுவந்த ஓர் அரிக்கேன் விளக்கைச் சன்னல் திண்டில் வைத்தார். அது எரிந்துகொண்டிருந்தது. எங்கள் மடியைத் தட்டிப் பார்த்த அதே ஆள்.

"ரெண்டே பெட்டிதேன். வெரசா அடைச்சிட்டு எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு லாரிப் பக்கம் போனார்.

நான் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, சன்னலுக்கு மேலே கடைசிச் சட்டத்தை மாட்டி முடித்திருந்தேன். மழைக்காற்று சன்னல் வழியாக வந்தது. விளக்குச் சுடர் எகிறிப் புகைந்தது. கண்ணாடி ஒரு பக்கம் கறுத்துக்கொண்டே வந்தது. அப்படியே விட்டால் கண்ணாடி வெடித்துவிடும். விளக்கை ஏற்றி இறக்கிப் பழகியவர்களுக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது. மாமா தலையில் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார். இரண்டு கைகளும் பெட்டியில் இருந்தன. விளக்குக்குப் பக்கத்தில் இருந்தவன் நான்.

"மருமகனே, திரியை இறக்கு! வெரசா இறக்கு!"

என் கை மேலே போனது. சட்டத்தை முளையிலிருந்து கழற்றினேன். அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழன்றது. சட்டம் சாய்ந்து நேரே விளக்கின் மேல் விழுந்தது. கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டது திரியின் சத்தம், நல்ல பாம்பு சீறுகிற மாதிரி.

மாமா பெட்டிகளை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தார். என் அரைஞாண் கயிற்றில் கையைக் கொடுத்து என்னை வாசலுக்கு வெளியே வீசினார். கயிறு அறுந்து அவர் கையிலேயே நின்றுவிட்டது. புழுதியில் விழுந்து திரும்பிப் பார்த்தேன். பூச்சட்டிகள் ஒவ்வொன்றாகப் பூத்தன. வெள்ளியும் பொன்னுமாகக் கூரை வரைக்கும் பூத்தன. அதற்கு நடுவில் அக்கா எழுந்து நின்றாள். அவள் சேலையும் அதே நிறத்தில் எரிந்தது. மாமா அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். அப்போது மருந்துப் பெட்டி வெடித்தது. மாமாவை வெளியே தூக்கி அடித்தது. கூரை ஓடு இரண்டு காடு தள்ளிப் போய் விழுந்ததாகச் சொன்னார்கள்.

அக்காவைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். முகத்தைக் காட்டவில்லை. ஒரு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. அதில் நெருப்பே படவில்லை. மாமா கட்டிய துணி அப்படியே இருந்தது.

இதற்கு மேல் நடந்ததைச் சொல்வதுதான் கஷ்டம். தீ தானாகச் செய்தது ஒன்று. மனுசர்கள் கூடி நின்று செய்தது வேறு.

எங்கள் அப்பா லோடு மாட்டுவண்டி ஓட்டுகிறவர். வண்டியோடு வந்து சேர்ந்தார். பாயைப் பார்த்தார். மாமா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சுத் தோல் வெந்து தொங்கியது. நான் மாட்டிய சட்டம் விழுந்துதான் தீப்பிடித்தது என்று யாரோ சொன்னார்கள். அப்பா என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார்.

"எப்படிலே விளுந்துச்சு? சட்டத்தை எவன்லே இறக்கச் சொன்னது?"

"மாமாதேன் திரியை இறக்கச் சொன்னாக" என்றேன்.

கூட்டம் முழுவதும் திரும்பியது.

"ஆமா மச்சான், நாந்தேன் சொன்னேன். அந்த வெளக்கு..." என்று மாமா ஆரம்பித்தார்.

போர்மேன் ஓங்கி அவர் வாயில் அறைந்தார். இரண்டு பற்கள் விழுந்தன. "எந்த வெளக்குலே? வெடிக் கம்பெனியில ஏதுலே வெளக்கு? பொம்பளப் பிள்ளைகளக் கொன்னுட்டு வெளக்காம் வெளக்கு!"

விளக்கின் கம்பிக்கூடு கம்பெனிக் கிணற்றுக்குள் போய்விட்டிருந்தது. தண்ணீர் மேல் மண்ணெண்ணெய் வானவில் மாதிரி மிதந்ததை நானே பார்த்தேன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு விளக்கு தெரியும். விளக்கு இருந்தது என்றால் கம்பெனிக்குச் சீல் வைப்பார்கள், மூன்று ஊருக்கு அடுப்பு எரியாது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒரு கிழவர், "வெளக்கா? நான் பாக்கலியே" என்றார். அப்புறம் எல்லாரும் அதையே சொன்னார்கள்.

மாமா வாய் ரத்தத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். பேச வாயைத் திறந்தார். வண்டியின் பக்கக் கம்பைப் பிடித்திருந்த அப்பாவின் கையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"நாந்தேன் சொன்னேன்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

அப்பா அந்தக் கம்பை உருவி அடித்தார். முதல் அடி தோளில். இரண்டாவது அடியைத் தடுக்கப்போன வலது கையை, சக்கரத்துக் கட்டையில் வைத்து அடித்தார். எலும்பு முறிந்தது பச்சைக் கம்பு முறிகிற மாதிரிக் கேட்டது. வெந்த நெஞ்சில் மிதித்தார்கள். காலையில் மெட்டிக்கு அளவெடுத்தீர்களா என்று கேட்டவள் மண்ணை வாரி அவர் கண்ணில் இறைத்தாள். "எம் பிள்ளையக் குடுத்தேனே ஒனக்கு, பாவி, கொள்ளி வச்சிட்டியேடா" என்று அம்மா தம்பியின் தலைமுடியைப் பிடித்து ஆட்டினாள். அப்பா ஒரு கல்லை எடுத்து என் கையில் திணித்தார்.

"எறிலே. ஒன் அக்காவக் கொன்னவன். எறி!"

எறிந்தேன். புருவத்துக்கு மேலே பட்டது. மாமா கையைத் தூக்கி மறைக்கவில்லை. ஒடியாத கை மடியிலேயே கிடந்தது.

மறுநாள் அதிகாரி ஜீப்பில் வந்து என்னிடம் கேட்டார், "உள்ள வெளக்கு இருந்துச்சா தம்பி?" இல்லை என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி, கொஞ்ச வருசத்தில் அந்த விளக்கு என் ஞாபகத்திலிருந்தே போய்விட்டது. எனக்குள் மிச்சம் இருந்தது ஒரு இருட்டுச் செட்டும், 'திரியை இறக்கு' என்ற மாமாவின் குரலும் மட்டும்தான்.

மாமா ஆமத்தூர்ப் பக்கம் போய் ஆடு மேய்த்தார். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். அம்மா செத்தபோது அவர் வந்து தெருமுனையில் நின்றார். அப்போது எனக்கு மீசை முளைத்து, கல்யாணமும் ஆகியிருந்தது. நான்தான் போய் நெஞ்சில் கை வைத்துத் தள்ளி அனுப்பினேன். வளைந்த கையைத் துண்டால் மூடிக்கொண்டு போய்விட்டார். அவர் செத்த சேதி வந்தபோது நான் துட்டிக்குப் போகவில்லை.

இதெல்லாம் பேத்தி சிரித்த அந்தச் சாயங்காலம் தலைகீழாகப் புரண்டது. மாமா விளக்குத் திரியைச் சொன்னார். சரியானதைத்தான் சொன்னார். வெடித்திரியை இறக்கியவன் நான்.

மூன்றாம் நாள் அந்த விளக்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆமத்தூருக்குப் பஸ் ஏறினேன். அத்தை, மாமாவின் சம்சாரம், உயிரோடுதான் இருந்தாள். சன்னல் இல்லாத ஒற்றை அறையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாரு?"

"நாந்தேன் அத்தே. புதுப்பட்டி மருமகன்."

கீரையிலிருந்து கையை எடுக்காமல் அண்ணாந்து பார்த்தாள். "அவுக செத்துப் பதினோரு வருசம் ஆச்சு. துட்டி கேக்க வந்தீகளாக்கும்? பஸ்ஸு லேட்டாகிப்போச்சோ?"

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சரி, ஒக்காருங்க. சாப்பிட்டீகளா?"

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"தாலி கட்டுறதுக்கு முன்னாலயே சொல்லிட்டாக. ஊரு என்னையக் கொலைகாரன்னு சொல்லும், நடந்தது இதுதேன், ஒனக்குச் சம்மதமான்னு கேட்டாக."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தே. வெளக்குத் திரியத்தேன் சொன்னேன்னு ஒரு வார்த்தை..."

"சொன்னா? ஒங்கப்பாரு கையில கம்பு இருந்துச்சுல்ல. சின்னப் பய தப்பாக் கேட்டுட்டான்னு சொன்னா, அடுத்த அடி எங்கன விளும்? ஒம்பது வயசுப் பிள்ளைக்கு அந்த அடி தாங்குமா?"

"பொறவாவது சொல்லியிருக்கலாம்."

"பொறவு வெளக்கத்தேன் கெணத்துல போட்டுட்டாகளே. இல்லாத வெளக்குக்கு ஏது திரி?" கீரைக் காம்புகளை முறத்தின் ஓரத்துக்குத் தள்ளினாள். "அவன் வெவரம் தெரிஞ்சு ஒருநா வருவாம்பாக. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சு எட்டிப் பாப்பாக. நீங்க வரல."

பையிலிருந்து விளக்கை எடுத்து வைத்தேன். அவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வயிற்றைத் தட்டினாள்.

"எண்ணெய் எங்கன ஊத்துறது?"

"எண்ணெய் கெடையாது அத்தே. பேட்டரி."

"பொகையுமா?"

"பொகையாது."

"பொகையாத வெளக்குக்குத் திருகாணி எதுக்கு?"

அழகுக்கு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவளே திருகாணியைப் பிடித்துக் கடைசி மட்டும் திருப்பினாள். அறை முழுக்க வெளிச்சம் ஆனது. சுவரில் மாமாவின் படம். வயசான முகம். இடது புருவத்துக்கு மேலே பிறை மாதிரி ஒரு தழும்பு.

அத்தையும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கை ஒடிஞ்சது ஒங்கப்பாரால. பல்லு போனது அந்தப் போர்மேனால. எல்லாம் சொல்லியிருக்காக. இந்தத் தளும்பு மட்டும் யாரு போட்டதுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. கேட்டா, ஆடு முட்டுச்சும்பாக."

வெளியே ஏதோ ஒரு வண்டி போனது. அது போய் முடிகிற வரைக்கும் காத்திருந்தேன்.

"நாந்தேன் அத்தே. கல்லெடுத்து எறிஞ்சேன்."

அவள் முகம் விளக்கை விட்டுத் திரும்பிக்கொண்டது. முந்தானையை எடுத்து முகத்தில் வைத்தாள். முந்தானைக்குள்ளிருந்தே சொன்னாள்.

"திரியை இறக்குங்க மருமகனே. கண்ணு கூசுது."

என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை மேலே போகவில்லை. குனிந்து திருகாணியைத் தொட்டு, மெதுவாக இறக்கினேன்.